கழுதையின் பின்னங்கால்

குஷன்காரர் கடையில் கார் சீட்டைக் கொடுத்துவிட்டு நிற்கிறவர்கள், ரெக்சின் நிறம் தேர்ந்தெடுப்பதற்குள் அவருடைய பிள்ளைகள் இரண்டு பேரின் முழுச் சரித்திரத்தையும் கேட்டு முடித்திருப்பார்கள். கேட்க விருப்பமா இல்லையா என்றெல்லாம் அவர் பார்ப்பதில்லை. மகளுக்கு முதல் பல் எப்போது முளைத்தது, அதை வைத்து யாரைக் கடித்தாள், மகன் நாற்காலி மேல் ஏறி விழுந்தும் எப்படி அழாமல் எழுந்து நின்றான், அந்தத் தைரியம் யாருக்கு வரும் என்று ஊசியில் நூல் கோத்துக்கொண்டே ஆரம்பித்துவிடுவார். பக்கத்துக் கொட்டகையில் நசுங்கின கார்க் கதவுகளைத் தட்டி நிமிர்த்துகிற டிங்கர் அண்ணன், "மாஸ்டர் பாட்டை ஆரம்பிச்சுட்டாருப்பா" என்று சுத்தியலை இன்னும் பலமாகப் போடுவார். குஷன்காரர் அசர மாட்டார். சுத்தியல் சத்தத்துக்கு மேலே குரலை ஏற்றிக்கொள்வார்.

ஆள் என்னவோ ஒல்லி. ஊரார் உட்காருவதற்கெல்லாம் மெத்தை தைக்கிறவர் உடம்பில் மெத்தை என்று சொல்ல ஒன்றும் கிடையாது. தலைமுடியில் எந்நேரமும் மஞ்சள் ஸ்பாஞ்சுத் துகள், விரல் நுனியில் காய்ந்த பசை, சட்டைப் பையில் நூல் வெட்டுகிற சின்னக் கத்தரி. அந்தக் கத்தரி இல்லாமல் அவர் கல்யாணத்துக்கும் போக மாட்டார், கருமாதிக்கும் போக மாட்டார். பல் டாக்டர் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிற வேலை பார்க்கும் அவர் மனைவி, "படுக்கும்போதாவது அதை எடுத்து வைங்க, நெஞ்சுல குத்தி வெச்சுக்கிட்டு என்னை ஆஸ்பத்திரிக்கு ஓட வைக்காதீங்க" என்பார். அவரும் சரி சரி என்பார். மறுநாளும் கத்தரி பையில்தான் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அவர் உட்காருவது கடைசி பெஞ்சு. பசை வாசனை குளித்தாலும் போகாது, முன்னால் உட்கார்ந்தால் பக்கத்தில் இருக்கிறவர்கள் மூக்கைச் சுளிப்பார்களோ என்று அவருக்கே ஒரு கூச்சம். சபையில் அவரை எல்லாருக்கும் தெரியும், ஆனால் எப்படித் தெரியும்? ஜெபிக்கும்போது முழங்கால் போடுகிற மெத்தை கிழிந்தால் தெரியும். "குஷன்காரரே, அந்த மூணாவது வரிசை மெத்தையில பஞ்சு வெளிய வருது" என்பார்கள். அவரும் சந்தோஷமாகத் தைத்துக் கொடுத்துவிட்டுக் கடைசி பெஞ்சுக்குத் திரும்பிவிடுவார். தன்னைப் பற்றி அவருக்கு ஒரு குறையும் இல்லை. பிள்ளைகள் விஷயத்தில்தான் மனுஷனுக்கு ரத்தம் கொதித்துவிடும்.

போன வருஷம் ஞாயிறு பள்ளிக் குழந்தைகளின் ஆண்டு நிகழ்ச்சியில் அப்படித்தான் கொதித்தது. அவர் பிள்ளைகள் இரண்டு பேரும் கூட்டுப் பாட்டில் இருந்தார்கள். எங்கே இருந்தார்கள்? ஒரு நெட்டைப் பையனுக்குப் பின்னால். அந்தப் பையன் என்ன சாப்பிட்டு அப்படி வளர்ந்தானோ, மகளின் தலை ரிப்பன் ஒரு முனையும் மகனின் முழங்கை ஒன்றும்தான் வெளியே தெரிந்தன. குஷன்காரர் போனைத் தூக்கிக்கொண்டு பெஞ்சு மேலேயே ஏறிவிட்டார். பின்னால் சுவரோரம் நின்றவர்கள் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். பாட்டு முடிந்ததும் நேரே டீச்சரிடம் போனார்.

"டீச்சர், கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. எங்க வீட்டுப் பிள்ளைங்க மூஞ்சிக்கு என்ன குறைச்சல்? ஒரு வருஷமா காத்திருந்து வந்தேன், ஒரு ரிப்பனையும் முழங்கையையும் பாத்துட்டுப் போறேன்."

டீச்சர் நல்ல மனுஷி. சிரித்துக்கொண்டே, "அடுத்த வருஷம் கண்டிப்பா நல்ல பார்ட் குடுக்கறேன், நீங்க நிம்மதியா போங்க" என்றார்.

சொன்ன சொல் தவறவில்லை டீச்சர். இந்த வருஷம் ஒரு நாள் சாயங்காலம் மகள் மூச்சிரைக்க ஓடிவந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நடு வீட்டில் நின்று கத்தினாள்.

"அப்பா! நாடகத்துல எனக்குப் பார்ட் குடுத்துட்டாங்க! டயலாக் எல்லாம் இருக்கு! நான்தான் கழுதை!"

குஷன்காரருக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. வீட்டில் அவர் அந்தப் பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதைவிட 'ஏ கழுதைங்களா' என்று கூப்பிட்டதுதான் அதிகம். உள்ளேயிருந்து மனைவி எட்டிப் பார்த்து, "நீங்க தினம் போடற சத்தம் டீச்சர் வீடு வரைக்கும் கேட்டிருக்கு" என்றார்.

"சரி, நீ என்னடா?" என்று பின்னாலேயே வந்து நின்ற மகனைக் கேட்டார். மகனுக்கு ஏழு வயது. அக்காவைவிட நாலு வயது சின்னவன். பேசுவதற்கு முன் எச்சில் விழுங்கிக்கொள்வான்.

"நானும் கழுதைதான்பா. பின்னாடி."

"பின்னாடின்னா?"

"அக்கா முன்னாடி ரெண்டு காலு. நான் பின்னாடி ரெண்டு காலு. நான் குனிஞ்சு அக்கா இடுப்பைப் பிடிச்சுக்கணும். எங்க மேல துணி போட்டு மூடிடுவாங்க."

குஷன்காரர் மகனை மேலும் கீழுமாகப் பார்த்தார். பிறகு மெதுவாக, "அப்போ மூஞ்சி?" என்றார்.

"அதான் கழுதை மூஞ்சி இருக்கே" என்றாள் மகள்.

கேட்டாரே ஒரு கேள்வி, மனைவி சிரித்த சிரிப்பில் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. "மூஞ்சி தெரியலேன்னு சண்டை போட்டு, மூஞ்சியே இல்லாத வேஷத்தை வாங்கிட்டு வந்துட்டீங்களே! இன்னும் ஒரு சண்டை போடுங்க, அடுத்த வருஷம் மேடைக்குக் கீழேயே உக்கார வெச்சுடுவாங்க."

குஷன்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் புறப்பட்டே விட்டார். மகள் அழாத குறையாக வாசலை மறித்தாள். "அப்பா, வேணாம்பா! கடைசியில கழுதைத் தலையைக் கழட்டிட்டு எல்லாரையும் பாத்துக் கும்பிடணும்னு டீச்சர் சொல்லியிருக்காங்க. அப்போ என் மூஞ்சி நல்லாத் தெரியும். நாடகத்துலயே கழுதைதான் முக்கியம்பா."

அப்படியா சங்கதி என்று மனுஷன் செருப்பைக் கழற்றினார். கதையைக் கேட்கக் கேட்க அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. டீச்சரே எழுதின நாடகம். ஒரு பணக்காரன், ஆராதனைக்கு முதல் ஆளாகப் போய் முன் பெஞ்சைப் பிடிக்க வேண்டும் என்று கழுதை மேல் மூட்டையை ஏற்றிக்கொண்டு வேகவேகமாகப் போகிறான். வழியில் ஒரு கிழவர் விழுந்து கிடக்கிறார், ஒரு குழந்தை தொலைந்துபோய் நிற்கிறது. பணக்காரன் கண்டுகொள்ளாமல் போக, கழுதை ஒவ்வொருவர் பக்கத்திலும் நின்றுவிடுகிறது. அடித்தாலும் நகர மாட்டேன் என்கிறது. கடைசியில் வாய் திறந்து பேசுகிறது. "எனக்குக் கால் வலிக்கல எஜமான். இவங்க அழறது என் காதுல விழுது. உங்க காது சின்னதா இருக்கே, அதனாலதான் விழலையா?"

"அடி சக்கை!" என்று குஷன்காரர் தொடையில் தட்டினார். "இதுவல்லவா பார்ட்டு! கழுதை வேஷம் நான் தைக்கறேன்னு டீச்சர்கிட்ட சொல்லிடு. போர்வையைப் போத்திக் கழுதைன்னு ஏமாத்தற வேலையெல்லாம் நம்மகிட்ட கிடையாது."

அத்தனை பேச்சிலும் மகன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். எல்லாம் அடங்கினதும் எச்சிலை விழுங்கிவிட்டு, "அப்பா, அக்கா தலையைக் கழட்டுவா. நான்?" என்றான்.

"உனக்கென்னடா ராஜா, கழுதைக்குப் பலமே பின்னங்கால்தான்" என்று சொல்லிவிட்டு, குஷன்காரர் சாம்பல் நிற ரெக்சின் எத்தனை மீட்டர் பிடிக்கும் என்று கணக்குப் போடப் போய்விட்டார்.

அதற்கப்புறம் கடையில் வாடிக்கையாளர் வேலை எதுவும் உருப்படவில்லை. இரண்டு கார்கள் சீட் இல்லாமல் எலும்புக்கூடாய் நின்றன. குஷன்காரர் கழுதை தைத்தார். சும்மா சொல்லக் கூடாது, தைத்தால் அப்படித் தைக்க வேண்டும். முதுகெலும்பு நெடுக இரட்டைத் தையல், விலாவில் ஸ்பாஞ்சு வைத்த மடிப்பு, கம்பி வைத்த காது, பிடரிக்குக் கருப்புக் கம்பளி நூல். காரை விட்டு இறங்கியவர்கள் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். "யானை பிடிச்சு இழுத்தாலும் இந்தத் தையல் பிரியாது" என்று அவர் முதுகில் தட்டிக் காட்டுவார். டிங்கர் அண்ணன்கூடச் சுத்தியலை வைத்துவிட்டு வந்து பார்த்து, "மாஸ்டர், தப்பா நினைக்காதீங்க, உங்களைவிடக் கழுதை லட்சணமா இருக்கு" என்றார்.

ஆனால் மனுஷன் கை சீட் தைத்துப் பழகின கையல்லவா? முதல் ஒத்திகையில் அது காட்டிக்கொடுத்துவிட்டது. கழுதைத் தலைக்குள் உயர்ந்த ரகக் கனத்த ஸ்பாஞ்சாக வைத்துத் திணித்திருந்தார். மகள் உள்ளேயிருந்து தொண்டை கிழியக் கத்தியும் வெளியே ஈ பறக்கிற சத்தம்தான் கேட்டது. கழுதை மட்டும் அங்கும் இங்கும் தலையை ஆட்டியது. டீச்சர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். குஷன்காரருக்கு மூக்குடைந்த மாதிரி ஆகிவிட்டது. கடைக்குத் தூக்கிக்கொண்டு வந்து, ஸ்பாஞ்சைப் பிடுங்கி எறிந்து, வாய் இருக்கிற இடத்தில் ஸ்பீக்கர் பெட்டிக்குப் போடுகிற வலைத்துணியை வைத்துத் தைத்தார். தலை தனியாகக் கழன்று வருவதற்கு ஒட்டுப்பட்டை வைத்தார். மகள் கண்ணுக்கு நேராக ஓட்டை, மூச்சுக்கு ஓட்டை, கையை வெளியே நீட்டக் கழுத்தோரம் இடைவெளி, எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தார்.

ஒத்திகைக்கு வந்து பார்த்த மனைவிதான் கேட்டார். "முன்பக்கம் சரி. பின்னாடி இருக்கறவனுக்கு ஒரு ஜிப் வைக்க வேணாமா? அவன் எப்படி வெளிய வருவான்?"

"வயித்துக்கு அடியில ஒரு ஜிப் வெச்சிருக்கேனே. மடிப்புக்குள்ள மறைஞ்சிருக்கு, யார் கண்ணுக்கும் தெரியாது. முதல்ல இவன் உள்ள போவான், அப்புறம் அவ. நாடகம் முடிஞ்சு உள்ள வந்ததும் நானே திறந்து விடப் போறேன்."

"பின்பக்கமா ஒண்ணு வெச்சா என்ன கெட்டுப் போச்சு?"

"நல்லா சொன்ன போ. முதுகுல ஜிப் வெச்சா அது கழுதையா, டிராவல் பேக்கா?"

மனைவி தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார். மகன் மட்டும் அப்பா சட்டையைப் பிடித்து இழுத்தான். "அப்பா, நீங்க எப்படிப்பா என்னைப் பாப்பீங்க?"

குஷன்காரருக்கு அப்போதுதான் சுருக்கென்றது. கொஞ்சம் யோசித்தார். கழுதையின் வாலை அவிழ்த்து, வேரில் ஒரு கயிற்றைக் கட்டி, ஒரு துளை வழியாக உள்ளே விட்டார். "இந்தா, இதைப் பிடிச்சு இழு. வால் ஆடுதா? வால் ஆடினா அது நீதான்னு எனக்குத் தெரியும். நான் பாத்துக்கிட்டே இருப்பேன். ஆனா ஒண்ணு, அப்பா வந்து திறக்கற வரைக்கும் நிமிரவே கூடாது. நிமிர்ந்தா கழுதைக்குக் கூன் விழுந்துடும்."

"நிமிர மாட்டேன்பா" என்றான் மகன். அன்று முழுக்கக் கயிற்றை இழுத்து இழுத்து வாலை ஆட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தான். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

நிகழ்ச்சிக்குக் குஷன்காரர் அழைக்காத ஆள் கிடையாது. டிங்கர் அண்ணன், சீட் இல்லாமல் காத்திருந்த கார்களின் சொந்தக்காரர்கள், ரெக்சின் கொண்டுவந்து போடுகிற வேன் டிரைவர், எல்லாருக்கும் ஒரே பாட்டுத்தான். "என் பொண்ணு பேசற பேச்சைக் கேட்டுப் பாருங்க. நாடகத்தையே அவதான் தூக்கி நிறுத்தப் போறா." மகனைப் பற்றி யாராவது கேட்டால், "அவனும் இருக்கான், பின்னாடி" என்பார். அதற்குமேல் அதில் சொல்ல அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

அன்று சாயங்காலம் அவர் சோப்புப் போட்டுத் தேய்த்த தேய்ப்பில் கை சிவந்துவிட்டது. மனைவியின் சென்ட்டை எடுத்து அடித்துக்கொண்டார். கோயிலுக்குள் கடைசி பெஞ்சுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, நேரே முன் வரிசை. "இவ்வளவு முன்னாடியா?" என்று மனைவி தயங்க, "கழுதையோட அப்பா வேற எங்க உக்காருவான்?" என்று கேட்டுவிட்டுக் கால் மேல் கால் போட்டுக்கொண்டார். டிங்கர் அண்ணன் தலைக்கு எண்ணெய் வைத்து வகிடெடுத்து, அடையாளமே தெரியாமல் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

திரை விலகியது. போன வருஷம் மறைத்த அதே நெட்டைப் பையன்தான் பணக்காரன். அவன் கையில் கயிறு, கயிற்றின் முனையில் கழுதை. கழுதை வந்ததுமே அரங்கம் 'ஓ' என்றது. வீட்டில் எலியும் பூனையுமாய் அடித்துக்கொள்கிற இரண்டும், அங்கே நாலு காலையும் ஒழுங்காக எடுத்து வைத்து நடந்த அழகைப் பார்க்க வேண்டுமே! "யார் தைச்சது இது?" என்று பின்னால் யாரோ கேட்டார்கள். குஷன்காரர் திரும்பி, "நான்தாங்க" என்றார். கேட்டவர் ஒருவர், அவர் பதில் சொன்னதோ நாலு வரிசைக்கு.

போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுக்க ஆரம்பித்தார். திரை நிறையக் கழுதையின் முகம். எங்கே மகள் வரியை மறந்துவிடுவாளோ என்று அவரே அதை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். கிழவர் வந்தார், கழுதை நின்றது. குழந்தை வந்தது, கழுதை நின்றது. நெட்டைப் பையன் கம்பை ஓங்கினான். அரங்கம் கப்சிப். வலைத்துணி வழியாக மகளின் குரல் கணீரென்று வந்தது.

"எனக்குக் கால் வலிக்கல எஜமான். இவங்க அழறது என் காதுல விழுது. உங்க காது சின்னதா இருக்கே, அதனாலதான் விழலையா?"

கம்பி வைத்த காது இரண்டும் ஓர் ஆட்டம் ஆடின. அரங்கம் சிரித்த சிரிப்பும் தட்டிய கையும் சொல்லி மாளாது. டிங்கர் அண்ணன் எழுந்து நின்று விசில் அடிக்க விரலை வாயில் வைத்துவிட்டார், குஷன்காரர் மனைவிதான் சட்டென்று பிடித்து உட்கார வைத்தார். குஷன்காரருக்கோ கண்ணில் தண்ணீர், வாயெல்லாம் பல். "என் பொண்ணு! என் பொண்ணு!" என்று இடப்பக்கமும் வலப்பக்கமும் திரும்பிச் சொன்னார்.

நாடகம் முடிந்தது. பிள்ளைகள் எல்லாரும் மேடையில் வரிசையாக நின்றார்கள். கழுதை தன் தலையைத் தானே கழற்றிக் கையில் பிடித்துக்கொள்ள, மகளின் முகம் வியர்வையில் மின்னிக்கொண்டு வெளியே வந்தது. மறுபடி கைதட்டல். போதகர் ஒரு பரிசுப் பெட்டியோடு மேடை ஏறினார். பணக்காரனுக்கு ஒரு பரிசு, கிழவருக்கு ஒன்று, குழந்தைக்கு ஒன்று, கழுதைக்கு ஒன்று. ஒரு வேஷத்துக்கு ஒரு பரிசு என்று வாங்கி வைத்திருந்தார்கள், யாருக்கும் வேறு ஒன்றும் தோன்றவில்லை. ஒரு கையில் கழுதைத் தலையும் மறு கையில் பரிசுமாக மகள் சிரிக்க, போதகர் அவள் தோளில் கை வைத்து, "இந்தக் குழந்தையைப் பெத்தவங்க எங்கே?" என்று கேட்டார்.

வாழ்க்கையில் இப்படி ஒரு நிமிஷம் வரும் என்று குஷன்காரர் கனவிலும் நினைத்ததில்லை. எழுந்து நின்றார். கையை ஆட்டினார். அதே கையோடு போட்டோ எடுக்கப் போனை உயர்த்தினார். மகள் முகம் தெளிவாக வந்தது. பக்கத்தில் போதகர். முழு உருவமும் வரட்டும் என்று போனைக் கொஞ்சம் பின்னால் இழுத்துப் பட்டனை அமுக்கினார்.

அப்போதுதான் போன் திரையின் ஓரத்தில் ஏதோ அசைந்தது.

வால்.

கழுதையின் வால் இப்படியும் அப்படியுமாக ஆடிக்கொண்டிருந்தது. நாடகம் முடிந்து, தலை கழன்று, பரிசும் கொடுத்தாகிவிட்டது. முன்னங்கால் நிமிர்ந்து நின்று சிரிக்கிறது. பின்னங்கால் அப்படியே குனிந்தபடி, அவிழ்ந்த ஷூ நாடாவோடு நிற்கிறது. வால் மட்டும் ஓயவில்லை. கை வலித்துப்போன ஆள் ஆட்டுகிற மாதிரி, நின்று நின்று ஆடியது.

குஷன்காரருக்குப் பகீரென்றது. நான் பார்த்துக்கொண்டே இருப்பேன் என்று சொன்னது யார்? நாடகம் முழுக்க ஒரு தடவையாவது அந்த வாலைப் பார்த்தேனா? மூஞ்சி தெரியவில்லை, மூஞ்சி தெரியவில்லை என்று ஊரைக் கூட்டிச் சண்டை போட்டவன், கடைசியில் பிள்ளை மூஞ்சியை நானே அல்லவா இரட்டைத் தையல் போட்டு மூடி வைத்திருக்கிறேன்!

மேடைக்குப் படி எந்தப் பக்கம் என்றுகூடப் பார்க்கவில்லை, முன்னாலேயே தாவி ஏறினார். போதகர் கை குலுக்க நீட்டின கையைத் தாண்டிக் கழுதையின் வயிற்றுக்கடியில் போய் விழுந்தார். ஜிப்பைத் தேடி இழுத்தார். வராது. யார் கண்ணிலும் படக் கூடாது என்று அவர் தைத்து வைத்த மடிப்புத் துணியே பல்லில் சிக்கிக்கொண்டு மாட்டேன் என்றது. மகள் பதறிக் கழுதைத் தலையைக் கீழே போட்டுவிட்டு, உள்ளே கைவிட்டு இழுத்து, "நானும் இழுத்துப் பாத்தேன்பா, வரல" என்று அழுகிற மாதிரி சொன்னாள்.

குஷன்காரர் எழுந்தார். சட்டைப் பையிலிருந்து கத்தரியை எடுத்தார். யானை இழுத்தாலும் பிரியாத முதுகுத் தையலில் நுனியை விட்டு நாலு கண்ணியை வெட்டினார். அந்த இடுக்கு வழியாக இடது கையை உள்ளே நுழைத்தார். நனைந்துபோன தலைமுடி விரலில் பட்டது. அந்தத் தலையை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, தன் கைக்கு மேலேயே கத்தரியை ஓட்டி ஓட்டித் தையலைப் பிரித்தார். 

கழுதையின் முதுகு பிளந்தது. நடுவிலிருந்து சிவந்துபோன ஒரு சின்ன முகம் வெளியே வந்து, வெளிச்சம் பட்டுக் கண்ணைச் சுருக்கியது. கையில் வால் கயிறு இன்னும் இருந்தது.

"அப்பா, முடிஞ்சிடுச்சா?" என்றான் மகன். எச்சிலை விழுங்கினான். "நான் நிமிரவே இல்லப்பா. வாலை ஆட்டிக்கிட்டே இருந்தேன். பாத்தீங்களா?"

பார்த்தேன் என்று சொல்லிவிடலாம். பிள்ளையும் நம்பிவிடுவான். அந்தப் பொய் குஷன்காரருக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஊரெல்லாம் பேசித் தீர்த்த அந்த வாய் முதல்முறையாகத் திக்கியது.

"இப்பதான்டா பாத்தேன்" என்றார். "இப்பதான்டா ராஜா அப்பா பாத்தேன்." சொல்லிவிட்டு எல்லார் முன்னாலும் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

மகன் அப்பாவை நிமிர்ந்து பார்த்தான். "பரவால்லப்பா" என்று கயிற்றை ஓர் இழுப்பு இழுத்துக் காட்டினான். கீழே தொங்கிக்கொண்டிருந்த வால் துள்ளியது. அரங்கம் மொத்தமும் சிரித்தது, தட்டியது, டிங்கர் அண்ணன் இந்தத் தடவை யாரும் பிடிப்பதற்கு முன்பே விசில் அடித்தே விட்டார். கோயில் என்றுகூடப் பார்க்காமல் அப்படி ஒரு விசில். போதகரே சிரித்துவிட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மகள் தன் கையிலிருந்த பரிசைத் தம்பி கையில் திணித்து, "நீ பாதி, நான் பாதி" என்றாள். அதற்குள் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்த்ததும், யாருக்கு எந்தப் பாதி என்று மேடையிலேயே சண்டை ஆரம்பமாகிவிட்டது. குஷன்காரர் மகனைத் தோளில் தூக்கிக்கொண்டு, மேடையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்து, எல்லாருக்கும் அந்த முகத்தைக் காட்டிவிட்டுத்தான் இறங்கினார்.

முதுகு கிழிந்த கழுதை இப்போது கடையில் ரெக்சின் சுருள்களுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. தைத்துவிடுங்கள், அடுத்த வருஷத்துக்கு ஆகும் என்று டீச்சர் ஆள் அனுப்பினார். புதுசு ஒன்று தைத்துத் தருகிறேன், இதைக் கேட்காதீர்கள் என்று குஷன்காரர் சொல்லிவிட்டார். புதிதில் முதுகு நெடுக ஒரு ஜிப் இருக்கும், எல்லார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி பெரிய ஜிப்.

தொங்குகிற கழுதைக்கு மேலே, கண்ணாடிச் சட்டத்துக்குள் அன்று எடுத்த போட்டோ. சீட் தைக்க வருகிறவர்கள் யாரும் அதைப் பார்க்காமல் போக முடியாது, அவர் விட மாட்டார். படத்தில் போதகர் இருக்கிறார், தலையைக் கையில் பிடித்துக்கொண்டு மகள் சிரிக்கிறாள். "உங்க பொண்ணா மாஸ்டர்? நல்லா வந்திருக்கு" என்பார்கள்.

"ஆமா, பெரியவ" என்பார் குஷன்காரர். பிறகு பசை காய்ந்த விரலைப் படத்தின் ஓரத்துக்குக் கொண்டுபோவார். அங்கே சாம்பல் நிறத்தில் குனிந்த ஒரு முதுகும், ஆடினதால் மங்கலாக விழுந்த ஒரு வாலும்தான் தெரியும்.

"இங்க பாருங்க, நல்லா பாருங்க" என்பார். "இது என் பையன்."